உயிர் காக்கும் கருவி எது, கவர்ச்சிப் பொருள் எது?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: கார் விற்பனையகத்துக்குள் நுழையும் வாடிக்கையாளரிடம் ஒரு காலத்தில் முதலில் சொல்லப்பட்டது, லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்பதுதான். இப்போது முதலில் காட்டப்படுவது தொடுதிரை. அடுத்து, கூரையைத் திறந்து வானத்தைக் காட்டும் சன்ரூஃப். அதற்கடுத்து, செல்லிடப்பேசியிலிருந்தே காரின் குளிர்சாதனத்தை இயக்கும் வசதி. இவை அனைத்தும் உள்ள "டாப் மாடலுக்கும்', இவை இல்லாத அடிப்படை மாடலுக்கும் இடையே விலை வேறுபாடு பல நேரங்களில் லட்சங்களில் இருக்கிறது.

இந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையான பயன் உண்டா என்பது வாங்குபவரின் சொந்தக் கணக்கு என்று விட்டுவிட முடியாது. காரில் எந்தக் கருவி கட்டாயமாக இருக்க வேண்டும், எது வாங்குபவரின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும் என்ற விவாதம் கடந்த பத்தாண்டுகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பலமுறை எழுந்துள்ளது. காரணம் எளிது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன; அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதாவது, ஒவ்வொரு மணி நேரத்திலும் 19 உயிர்கள்.

எனவே, காரில் பொருத்தப்படும் தொழில்நுட்பத்தைப் பொருத்தவரை கேட்கப்பட வேண்டிய கேள்வி, அது புதுமையானதா என்பதல்ல. விபத்து நேரத்தில் அது உதவுமா? நமது சாலையில் அது வேலை செய்யுமா? பத்து ஆண்டுகள் கழித்தும் அது பயன்படுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் கருவிக்கே பணம் தரலாம். இந்தச் சோதனையில் தேறுபவை சில; தேறாதவை பல.

பூஜ்யம் வாங்கிய ஐந்து கார்கள்

இந்த விவாதத்துக்கு வித்திட்டது 2014 ஜனவரியில் வெளியான ஒரு சோதனை முடிவு. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட குளோபல் என்சிஏபி அமைப்பு, இந்தியாவில் அதிகம் விற்பனையான சிறிய கார்கள் ஐந்தை, காற்றுப்பை இல்லாத அடிப்படை மாடல்களாகத் தேர்ந்தெடுத்து, மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்ய நட்சத்திரம் பெற்றன.

அந்த முடிவில் பலரும் கவனிக்காத ஒரு பாடம் இருந்தது. ஐந்து கார்களில் ஒன்றை, இரண்டு காற்றுப்பைகள் பொருத்தி மீண்டும் சோதித்தபோது அதற்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஏனெனில், அந்தக் காரின் உடற்கூடு மோதலைத் தாங்கி நின்றது. வேறு சில கார்களில் உடற்கூடே நசுங்கியதால், காற்றுப்பை பொருத்தினாலும் பெரிய பலன் இருக்காது என்று சோதித்தவர்கள் தெரிவித்தனர். காரின் முதல் பாதுகாப்புத் தொழில்நுட்பம் அதன் எஃகுக் கூடுதான். அது விற்பனையகத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை; விளம்பரத்திலும் அதிகம் இடம் பெறுவதில்லை.

அதன் பிறகே விதிகள் வேகம் பிடித்தன. புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு 2017 அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு 2019 அக்டோபர் முதலும் மோதல் சோதனை கட்டாயமானது. முன்புற மோதல் மணிக்கு 56 கிலோ மீட்டர் வேகத்திலும், பக்கவாட்டு மோதல் 50 கிலோ மீட்டர் வேகத்திலும் சோதிக்கப்பட வேண்டும். 2019 ஏப்ரலுக்குள் சக்கரப் பூட்டைத் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் எல்லாக் கார்களுக்கும் வந்தது.

2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில், ஓட்டுநருக்கான காற்றுப்பை, முன் இருக்கைகளில் சீட் பெல்ட் அணியாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, வேக எச்சரிக்கை, பின்னோக்கிச் செல்லும்போது தடையை உணர்த்தும் உணர்கருவி, மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் கதவைக் கையால் திறக்கும் வசதி ஆகியவை கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பையும் 2022 தொடக்கத்திலிருந்து எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. இன்று அடிப்படை மாடல் வாங்குபவருக்கும் இவை கிடைக்கின்றன என்றால், அதற்குக் காரணம் சந்தையின் தாராளம் அல்ல; சட்டம்.

கைவிடப்பட்ட ஆறு காற்றுப்பை விதி

இரண்டு காற்றுப்பைகள் முன்புற மோதலில் உதவும். பக்கவாட்டில் லாரியோ பேருந்தோ மோதினால் அவற்றால் பயன் மிகக் குறைவு. எனவே, முன்னிருக்கைகளுக்கு இரண்டு பக்கவாட்டுப் பைகளும், முன்னும் பின்னும் அமர்ந்திருப்பவர்களின் தலையைக் காக்க ஜன்னலோரம் திரைபோல விரியும் இரண்டு பைகளும் சேர்த்து மொத்தம் ஆறு பைகளைக் கட்டாயமாக்க, 2022 ஜனவரி 14 அன்று மத்திய அரசு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலாகும் என்றும் அறிவிக்கப்பட்டது.

கார் உற்பத்தித் துறை எதிர்த்தது. சிறிய கார்களின் விலை உயர்ந்துவிடும், இருசக்கர வாகனத்திலிருந்து காருக்கு மாற நினைக்கும் குடும்பம் பின்வாங்கிவிடும் என்பது அதன் வாதம். சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி இதை ஏற்கவில்லை. ஒரு காற்றுப்பையின் விலை ரூ.800தான் என்று 2022 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அவர் கூறினார். 2020-ஆம் ஆண்டு விபத்துகளில், முன்புறமும் பக்கவாட்டிலும் காற்றுப்பைகள் இயங்கியிருந்தால் சுமார் 13,000 உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் அரசு நாடாளுமன்றத்தில் முன்வைத்தது.

ஆனால், பையின் விலை மட்டுமே செலவு அல்ல என்பதும் உண்மை. உணர்கருவி, கட்டுப்பாட்டுக் கருவி, இருக்கை, கூரையோரம் ஆகியவற்றின் மறுவடிவமைப்பு, மீண்டும் மோதல் சோதனை எனச் செலவு நீளும். இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமான கணக்கையே எடுத்துரைத்தன. முடிவில், 2022 செப்டம்பர் இறுதியில் விதி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில், ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை என்று அமைச்சரே அறிவித்துவிட்டார்.

இதன் பின்கதைதான் சுவையானது. விதி கைவிடப்பட்ட சில வாரங்களில், 2023 அக்டோபரில், நாட்டின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றான ஹூண்டாய் தனது எல்லா மாடல்களிலும் ஆறு காற்றுப்பைகளை அடிப்படையாகவே தருவதாக அறிவித்தது. சிறிய கார்களின் விலை உயரும் என்று எச்சரித்த மாருதி சுஸுகியும், 2025-இல் ஆல்டோ கே10, வேகன்-ஆர் போன்ற தனது சிறிய கார்களில் ஆறு பைகளை எல்லா வகைகளுக்கும் கொண்டுவந்தது. முடியாது என்று சொல்லப்பட்டது மூன்றே ஆண்டுகளில் முடிந்தது. அந்த இடைவெளியில் விற்பனையான கார்கள் இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு நமது சாலைகளில் ஓடும் என்பதுதான் கவலைக்குரியது.

ஒரு கொக்கி முறியடிக்கும் பாதுகாப்பு

காற்றுப்பை எத்தனை இருந்தாலும் அது துணைப் பாதுகாப்புதான். முதன்மைப் பாதுகாப்பு சீட் பெல்ட். மோதல் நிகழ்ந்ததும் கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்தில் காற்றுப்பை வெடித்து விரிகிறது. பெல்ட் அணிந்தவரின் உடல் பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டு, விரிந்து முடித்த பையின் மீது சாய்கிறது. அணியாதவர், விரிந்துகொண்டிருக்கும் பையின் மீதே பாய்ந்து விழுகிறார். காக்க வேண்டிய பை அப்போது காயப்படுத்தும் பொருளாகிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்வது இதனால்தான் ஆபத்தானது.

முன்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் அணிந்தால் உயிரிழக்கும் அபாயம் சுமார் 45 சதவீதம் குறைகிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. இத்தனைக்கும், காரில் உள்ள கருவிகளிலேயே மிகவும் மலிவானவற்றுள் ஒன்று அது. ஆனால், 2022-இல் மட்டும் நமது நாட்டில் பெல்ட் அணியாத 16,715 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள். 8,331 பேர் பயணிகள்.

டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நிகழ்ந்த விபத்தில் உயிரிழந்தார். அவர் சென்றது விலை உயர்ந்த வெளிநாட்டு நிறுவனக் கார். பாதுகாப்புக் கருவிகளுக்கு அதில் குறைவில்லை. முன்னிருக்கையில் இருந்த இருவரும் காயங்களுடன் தப்பினர். பின்னிருக்கையில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். பின்னிருக்கையில் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர்.

பின்னிருக்கையிலும் பெல்ட் அணிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் நெடுநாளாகவே உள்ளது. அணியாவிட்டால் ரூ.1,000 அபராதம் என்பதும் 2019 திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவில் இருக்கிறது. மிஸ்திரியின் மரணத்துக்குப் பிறகுதான் பின்னிருக்கைக்கும் எச்சரிக்கை மணியைக் கட்டாயமாக்கும் வரைவு விதி அதே மாதத்தில் வெளியானது.

மணி ஒலித்தால் மக்கள் பெல்ட் அணிவார்களா? அதிலும் ஒரு தந்திரம் புகுந்தது. பெல்ட்டின் கொக்கியைப் போலவே செய்யப்பட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பூட்டுவாயில் செருகிவிட்டால் மணி ஓய்ந்துவிடும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தத் துண்டு இணைய வணிகத் தளங்களில் தாராளமாக விற்பனையானது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஐந்து பெரிய தளங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்ததை அடுத்து, 2023 மே மாதத்தில் 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. பல லட்சம் ரூபாய் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கிவிட்டு, அதை முறியடிக்கவும் பணம் கொடுத்து ஒரு கருவி வாங்கும் மனப்போக்கை எந்தத் தொழில்நுட்பமும் தனியாக வெல்ல முடியாது.

நட்சத்திரத்தைப் படிப்பது எப்படி?

வாங்குபவருக்கு இன்று கிடைத்துள்ள ஒரு நல்ல உதவி, பாரத் என்சிஏபி மதிப்பீடு. 2023 ஆகஸ்ட் 22 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இத் திட்டத்தின் கீழ், 3.5 டன் வரை எடையுள்ள கார்கள் சோதிக்கப்பட்டு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பீடு. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற, இஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும், பாதசாரிக்கு ஏற்படும் காயத்தைக் குறைக்கும் முகப்பு வடிவமைப்பும் இருக்க வேண்டும்.

இந்த இஎஸ்சி பற்றித் தனியே சொல்ல வேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ, திடீரெனக் குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்கத் திருப்பும்போதோ கார் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறி வழுக்கத் தொடங்கினால், அதை உணர்ந்து குறிப்பிட்ட ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து காரை நேர்ப்படுத்துகிறது இது. தனி வாகனம் கவிழ்ந்தோ மோதியோ உயிரிழப்பு நேரும் அபாயத்தை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓட்டுநர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஏபிஎஸ் இருக்கும் காரில் இதைச் சேர்ப்பதற்கான கூடுதல் செலவும் மிகப் பெரிதல்ல. ஆனால், விற்பனையகத்தில் சன்ரூஃப் பற்றிக் கேட்கும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நட்சத்திர மதிப்பீட்டிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, இத் திட்டம் நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே பங்கேற்பது, கட்டாயமில்லை. குறைந்த நட்சத்திரம் கிடைக்கும் என்று அஞ்சும் நிறுவனம் சோதனைக்கு வராமலே இருந்துவிடலாம். நட்சத்திரம் குறைந்த காரைவிட, நட்சத்திரமே இல்லாத காரைத்தான் வாங்குபவர் அதிகம் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, ஐந்து நட்சத்திரம் என்பது மோதிய பிறகு உயிர் பிழைக்கும் வாய்ப்பைச் சொல்வது. மணிக்கு 64 கிலோ மீட்டரில் நடந்த சோதனையின் சான்றிதழ், விரைவுச் சாலையில் 130 கிலோ மீட்டரில் செல்பவருக்கு உத்தரவாதம் ஆகாது. 2022-இல் நிகழ்ந்த உயிரிழப்புகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

நமது சாலையும் வெளிநாட்டுக் கண்ணும்

இப்போது விலை உயர்ந்த மாடல்களில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படுவது "அடாஸ்' என்ற ஓட்டுநர் உதவித் தொகுப்பு. கேமராவும் ரேடாரும் முன்னால் உள்ளதைக் கண்காணிக்கும். மோதல் நேரும் நிலையில் தானே பிரேக் போடும். சாலைக்கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும். முன்னே செல்லும் வாகனத்துடன் இடைவெளி பேணும்.

இவற்றை ஒரே கட்டாகப் பார்ப்பது தவறு. தானியங்கி அவசரப் பிரேக்குக்கு வலுவான சான்று இருக்கிறது. எச்சரிக்கையும் தானியங்கிப் பிரேக்கும் சேர்ந்துள்ள கார்கள், முன்னே செல்லும் வாகனத்தின் பின்புறத்தில் மோதும் விபத்துகள் பாதியாகக் குறைந்தன என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டறிந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

சாலைக்கோட்டைப் பேணும் கருவியின் நிலை வேறு. அதற்குக் கோடு வேண்டும். புதிய விரைவுச் சாலைகளில் கோடு தெளிவாக உள்ளது. அங்கே அது பயன் தரும். மாவட்டச் சாலையில் கோடே இல்லாத இடமும், பழைய கோட்டின் மேல் புதிய கோடு போட்ட இடமும் உண்டு. எதிர்த் திசையில் வரும் இருசக்கர வாகனம், விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர், சாலை நடுவே படுத்திருக்கும் மாடு ஆகியவை இங்கு அன்றாடக் காட்சிகள். இடைவிடாமல் ஒலிக்கும் எச்சரிக்கையால் சலிப்படைந்து கருவியையே அணைத்துவிடும் ஓட்டுநரிடம் அந்தத் தொகுப்பு அலங்காரமாகவே எஞ்சும்.

இன்னொரு செலவும் கணக்கில் வர வேண்டும். ரேடார் முன் பம்பர் பகுதியிலும் கேமரா முன் கண்ணாடியின் பின்னாலும் இருக்கின்றன. நெரிசலில் பம்பர் சிறிது நசுங்கினாலும், கண்ணாடி விரிசல் விட்டாலும், மாற்றிய பிறகு கருவிகளை மீண்டும் அளவீடு செய்தாக வேண்டும். தெருமுனைப் பட்டறையில் அது நடக்காது. சாலையில் நாள் முழுவதும் ஓடும் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும்தான் இத் தொழில்நுட்பம் முதலில் தேவை. அவற்றுக்கு அவசரப் பிரேக், ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தை உணர்த்தும் எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்க 2025 மார்ச்சில் அரசு வரைவு விதி வெளியிட்டது சரியான வரிசை.

திரை பெரிதானால் கவனம் சிறிதாகும்

விலைப்பட்டியலில் மிக அதிக இடம் பிடிப்பது திரை. பாட்டு, வழிகாட்டி, குளிர்சாதனம் என எல்லாம் அதற்குள். இதன் மதிப்பு வேகமாகத் தேயும் மதிப்பு. கார் பதினைந்து ஆண்டு ஓடும். அதில் உள்ள மின்னணுக் கருவியும் மென்பொருளும் ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும். செல்லிடப்பேசியைத் திரையில் இணைக்கும் எளிய வசதி இருந்தால், காரின் சொந்த வழிகாட்டிக்கும் பாட்டுத் தொகுப்புக்கும் தனியே பணம் தர வேண்டிய தேவை குறைவு. பேசி புதிதாகும்போது வசதியும் தானே புதிதாகிவிடும்.

பெரிய சிக்கல் கவனச் சிதறல். குளிர்காற்றைக் கூட்டுவதற்குத் திருகை ஒன்றைத் தடவித் திருப்பிய கை, இப்போது திரையில் படத்தைத் தேடுகிறது. கை தேடுமிடத்தில் கண்ணும் செல்கிறது. மணிக்கு 90 கிலோ மீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணைத் திருப்பினால் கார் 50 மீட்டர் பார்வையின்றி ஓடுகிறது. இதை உணர்ந்துதான் ஐரோப்பிய என்சிஏபி அமைப்பு, 2026 முதல் உயர்ந்த மதிப்பீடு பெற வேண்டுமானால் திசைகாட்டி விளக்கு, அபாய விளக்கு, ஒலிப்பான், மழைத் துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் இயக்கும் தனி விசைகள் இருக்க வேண்டும் என்று வகுத்தது. திரைகளைப் பெருக்கிய நாடுகளே திருகைக்குத் திரும்புகின்றன. நாம் அதே பாதையில் முழுச் சுற்று சுற்றித்தான் வர வேண்டும் என்பதில்லை.

வழிகாட்டியை முழுதாக நம்புவதன் விளைவை 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பகுதி காட்டியது. செயலி காட்டிய வழியில் சென்ற கார், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த ராமகங்கை பாலத்திலிருந்து விழுந்து மூவர் உயிரிழந்தனர். செயலி மீது மட்டும் பழி போட முடியாது. பாலத்தின் முன் தடுப்பு வைத்திருக்க வேண்டியது பொதுப்பணித் துறையின் கடமை. சாலையைப் பராமரிக்கும் அரசின் வேலையைக் காரில் உள்ள திரை செய்துவிடாது.

கார் சேகரிக்கும் தகவல் யாருடையது?

இணையத்துடன் இணைந்த கார், உரிமையாளருக்குச் சேவை செய்வதோடு அவரைப் பற்றிய தகவலையும் சேகரிக்கிறது. எங்கே சென்றார், எவ்வளவு வேகத்தில் சென்றார், எப்போது திரும்பினார் என்பவை நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன. மொஸில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தபோது, ஒன்றுகூடத் தேறவில்லை.

நமது நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அவையும் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. காரை வாங்கும்போது கையெழுத்திடும் தாள்களுக்கிடையே எந்த ஒப்புதல் அடங்கியிருக்கிறது, காரை விற்கும்போது பழைய உரிமையாளரின் தகவல் அழிக்கப்படுகிறதா, இலவசச் சந்தா முடிந்தபின் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றையும் வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். விற்பனையாளரிடம் பதில் இல்லையெனில், அந்த வசதிக்கு விலை தர வேண்டியதில்லை.

பின்னால் நிற்கும் அமைப்பு

கருவி தனியாக உயிர் காப்பதில்லை. அதன் பின்னால் ஓர் அமைப்பு நிற்க வேண்டும். சுங்கச் சாவடிகளுக்கான ஃபாஸ்டேக் ஓர் எடுத்துக்காட்டு. 2017 டிசம்பர் முதல் புதிய கார்களில் பொருத்தப்பட்டு, 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்ட அந்தச் சிறு வில்லை வேலை செய்வதற்குக் காரணம், சாவடி, வங்கி, கணினி வலை ஆகிய மூன்றும் அதன் பின்னால் இருப்பதே. மறுபுறம், பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு 2019 ஜனவரி முதல் இருப்பிடங்காட்டியும் அவசரப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டன. ஒரு பெண் பயணி பொத்தானை அழுத்தினால், அதைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறையும், விரைந்து வரும் காவல் வாகனமும் இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லாவிட்டால் அது வெறும் சிவப்புப் பொத்தான்.

குறைபாடுள்ள கருவியைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் இத்தகைய அமைப்புதான். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகள் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால், உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவும் அதற்கு விலக்கல்ல. 2019 ஜூலையில் இரு அவைகளிலும் நிறைவேறிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. அந்தச் சட்டம் பற்றிய விவாதம் பெரும்பாலும் அபராதத் தொகை பற்றியே நடந்தது. அபராதம் ஓட்டுநரைப் பற்றியது; 110ஏ பிரிவு உற்பத்தியாளரைப் பற்றியது. பின்னதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

காருக்கு வெளியே இருப்பவர்கள்

இத்தனை விவாதமும் காருக்குள் இருப்பவர்களைப் பற்றியது. 2022-இல் உயிரிழந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். கார், வேன் போன்ற இலகு ரக வாகனங்களில் சென்றவர்கள் 12.5 சதவீதம் மட்டுமே. காருக்குள் இருப்பவரைக் காக்கும் கருவி கார் வாங்க முடிந்தவரைக் காக்கிறது. அவசரப் பிரேக், இஎஸ்சி, வேக எச்சரிக்கை ஆகியவையோ காருக்கு வெளியே இருப்பவரையும் காக்கின்றன. பொதுநலக் கண்ணோட்டத்தில் இவற்றுக்கே முதலிடம் தர வேண்டும்.

மணிக்கு 80 கிலோ மீட்டரைத் தாண்டினால் இடைவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் வேக எச்சரிக்கையைத் தொல்லை என்று சபிப்பவர்கள், சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை நினைவில் கொள்வது நல்லது.

அரசும் நாடாளுமன்றமும் செய்யக் கூடியவை மூன்று உள்ளன. முதலாவது, பாரத் என்சிஏபி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி, நட்சத்திரத்தை விலைச்சீட்டின் அருகிலேயே ஒட்டச் செய்யலாம். குளிர்பதனப் பெட்டிக்கு மின்சிக்கன நட்சத்திரம் ஒட்டும் நாட்டில் இது பெரிய காரியமல்ல. இரண்டாவது, உயிர் காக்கும் எந்தக் கருவியையும் டாப் மாடலில் மட்டும் விற்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கலாம். சன்ரூஃப் வேண்டும் என்பவர் கூடுதல் பணம் தரட்டும். இஎஸ்சி வேண்டும் என்பதற்காகச் சன்ரூஃபையும் சேர்த்து வாங்கும் நிலை கூடாது. மூன்றாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகவும், பெரிய கார்களுக்கு 40 சதவீதமாகவும் மாற்றியமைக்கப்பட்டது. காரின் நீளமும் என்ஜின் அளவும் வரியைத் தீர்மானிக்கின்றன. அதன் பாதுகாப்பு தீர்மானிப்பதில்லை. அலங்கார விளக்குக்கும் காற்றுப்பைக்கும் ஒரே வரி விதிப்பது நியாயமா என்பதை ஜிஎஸ்டி கவுன்சில் பரிசீலிக்கலாம்.

அதுவரை, வாங்குபவர் தன் பணத்தை இந்த வரிசையில் செலவிடுவதே பொருத்தம்: உறுதியான உடற்கூடும் நட்சத்திர மதிப்பீடும் முதலில்; ஐந்து இருக்கைக்கும் மூன்றுமுனை சீட் பெல்ட், ஆறு காற்றுப்பை, இஎஸ்சி அடுத்து; குழந்தை இருந்தால் அதற்குரிய தனி இருக்கையைப் பொருத்தும் கொக்கி அதற்கடுத்து. பணம் மீதமிருந்தால், நெடுஞ்சாலையில் அதிகம் செல்பவர் தானியங்கி அவசரப் பிரேக் பற்றி யோசிக்கலாம். திரையும் கூரைச் சன்னலும் கடைசி.

இந்தப் பட்டியலில் உள்ளவற்றில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இன்று ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை அணிவதற்கு எந்த மசோதாவும் நிறைவேற வேண்டியதில்லை.